முதலாளி இல்லாத நேரத்தில் எந்த வேலை முந்தி?

நீங்கள் கேட்டிருப்பது இது. அப்பா 26 வருஷம் நடத்திய மெஷின் ஷாப்பை இரண்டு வருஷமாக நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள். பம்புக்கும் வால்வுக்கும் உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் ஜாப் ஆர்டர் யூனிட் (வாடிக்கையாளர் தரும் டிராயிங்படி செய்து கொடுப்பது), 38 பேர் வேலை செய்கிறார்கள். ஆலோசகர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "உங்களுக்கு விஷன் இல்லை, முதலில் அதை எழுதுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். இந்த அளவுள்ள தொழிலுக்குத் தொலைநோக்கு உண்மையிலேயே வேண்டுமா, இல்லை பெரிய கம்பெனிகள் வரவேற்பறையில் மாட்டி வைக்கும் அலங்காரமா என்று கேட்கிறீர்கள். ஆனால் கேள்வியின் கடைசியில் இரண்டு வரி இருக்கிறது: "அப்பா ஒண்ணும் எழுதி வைக்கலைங்க, ஆனா அவர் ஊர்ல இல்லாதப்பவும் வேலை நடந்துச்சு. நான் ரெண்டு நாள் வெளியூர் போனா, திரும்பி வர்றதுக்குள்ள நாலு பிரச்சினை வந்து நிக்குது." என் கண்ணில் அந்த இரண்டு வரிதான் உண்மையான கேள்வி. அதற்கே பதில் சொல்கிறேன். ஆலோசகரின் விஷயம் அதற்குள் தானாக வந்துவிடும்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. 24 வருஷம் பவுண்டரியிலும் மெஷினிங் பிரிவிலும் வேலை பார்த்தேன், பெரும்பாலும் தரக் கட்டுப்பாட்டில், கடைசி சில வருஷம் உற்பத்தியில். அதற்குப் பிறகு 11 வருஷமாக உங்களைப் போன்ற சின்ன யூனிட்டுகளுக்குப் போய் வருகிறேன். 20 பேர் முதல் 150 பேர் வரை வேலை செய்யும் இடங்கள்தான் எனக்குத் தெரிந்த உலகம். சாஃப்ட்வேர் கம்பெனிக்கோ துணிக்கடைக்கோ இந்தப் பதிலை அப்படியே எடுத்துப் பொருத்த வேண்டாம்.

முதலில் சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நான் போகும் யூனிட்டுகளில் "உங்க விஷன் என்ன?" என்று கேட்டால் பத்தில் ஏழு பேர் ஒரு தொகையைச் சொல்வார்கள். மூன்று வருஷத்தில் பத்துக் கோடி டர்ன்ஓவர், அடுத்த தீபாவளிக்குள் கம்ப்யூட்டரில் ஓடும் வி.எம்.சி. மெஷின் இன்னும் இரண்டு, இப்படி. இவையெல்லாம் இலக்குகள். இலக்கு தேவைதான், தப்பே இல்லை. ஆனால் அது முதலாளியின் கணக்கு. லேத்தில் நிற்கிறவருக்கு அதனால் எந்தத் தகவலும் போய்ச் சேர்வதில்லை. காலை எட்டரைக்கு ஷிஃப்ட் தொடங்கும்போது மேஜையில் இரண்டு டிராயிங் கிடக்கிறது. ஒன்று பழைய வாடிக்கையாளருடையது, இன்று மாலை தருவதாக ஒப்புக்கொண்டது. இன்னொன்று புதியவருடையது, விலை நல்ல விலை, காலையிலிருந்து மூன்று முறை போன் செய்துவிட்டார். எதை முதலில் மெஷினில் ஏற்றுவது? பத்துக் கோடி என்ற எண் இதற்குப் பதில் சொல்லாது. "நாம் சொன்ன தேதி தவறாதவர்கள்" என்ற ஒரு நினைப்பு மனதில் ஊறிப் போயிருந்தால் பதில் உடனே வந்துவிடும். நான் தொலைநோக்கு என்று சொல்வது இதைத்தான்: நாம் யாருக்கு என்னவாக இருக்கப்போகிறோம் என்ற ஒரு படம், அந்தப் படத்தில் எது முந்தி எது பிந்தி என்பதும் சேர்ந்தே தெரிய வேண்டும்.

இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எழுதி மாட்டுவதால் மட்டும் தொலைநோக்கு வந்துவிடாது. எழுதி வைத்துவிட்டு அதற்கு எதிராக நடந்தால், எழுதாமல் இருந்ததைவிடக் கேடு அதிகம். இதை நான் கண்ணால் பார்த்தேன். நான் வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையின் வாசலில் கிரானைட் பலகையில் பொன்னெழுத்தில் பொறித்திருந்தார்கள், குறையே இல்லாத உற்பத்தி, உலகத் தரம் என்றெல்லாம். ஒரு மாசக் கடைசி. பம்பின் வெளிக்கூடான கேசிங் ஒரு லாட் (ஒரு தொகுதி), பிரஷர் டெஸ்டில் கசிகிறது. இன்ஸ்பெக்டராக இருந்தது ஒரு இளம் பெண், டிப்ளமோ முடித்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கசிந்த ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெயின்ட் அடித்துத் தனியாக அடுக்கி வைத்திருந்தாள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேலிடத்திலிருந்து ஒருவர் வந்தார். "இந்த மாசம் ஃபிகர் வரணும். பட்டி வச்சு பெயின்ட் அடிச்சு ஏத்துங்க, வந்தா பாத்துக்கலாம்" என்றார். அந்த ஷிஃப்டுக்குப் பொறுப்பு நான். நானும் தடுக்கவில்லை. ராத்திரி பத்து மணிக்கு லாரி கிளம்பியது.

லாட் திரும்பி வந்தது, பணம் போனது. அதெல்லாம் ஒரு மாதிரி சரிக்கட்டிவிட்டார்கள். என்னை இன்றுவரை விடாமல் இருப்பது வேறு. அதற்கு அடுத்தடுத்த மாசங்களில் அந்தப் பெண் சிவப்புப் பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்து, "சார், இன்னைக்குத் தேதி என்னங்க?" என்று கேட்பாள். பத்தாம் தேதி என்றால் ரிஜெக்ட், இருபத்தெட்டு என்றால் ஓ.கே. அவள் எங்கள் கம்பெனியின் உண்மையான தொலைநோக்கைச் சரியாகப் படித்துவிட்டாள். வாசலில் பொறித்திருந்ததை யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு மாலையே போதுமானதாக இருந்தது. ஒரு நிறுவனத்தில் தொலைநோக்கு இருக்கிறதா என்று இப்போது நான் தேடும்போது பலகையைப் பார்ப்பதில்லை. பணம் நஷ்டமாகும் ஒரு நாளில் என்ன முடிவெடுத்தார்கள் என்று கேட்கிறேன்.

சரியாக நடந்த இடத்தையும் காட்ட வேண்டும் இல்லையா. நான் திரும்பத் திரும்பச் சொல்லும் உதாரணம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. அது ஓர் அறக்கட்டளை, லாபத்துக்கான கம்பெனி இல்லை, உங்கள் தொழிலோடு நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் ஒரு தொலைநோக்கு எப்படி மேஜை, நாற்காலி, சம்பளம், விலை என்று இறங்கி வந்தது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இன்னொரு இடம் நம் ஊர்ப்பக்கம் எனக்குத் தெரியவில்லை.

அதைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி 1918-இல் எட்டயபுரம் பக்கத்தில் வடமலாபுரம் என்ற கிராமத்தில் பிறந்தவர். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்றுதான் நினைத்திருந்தார். கடுமையான முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின, மாதக்கணக்கில் படுக்கை. பிறகு கண் மருத்துவத்துக்கு மாறி, வளைந்த விரல்களுக்கு ஏற்பக் கருவிகளை அமைத்துக்கொண்டு, வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகளைச் செய்தார். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற 1976-இல், மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு மருத்துவமனையைத் தொடங்கினார். தம்பி, தங்கை, தங்கை கணவர் என்று குடும்பமே உள்ளே இறங்கியது. வீட்டு நகைகள் அடகுக்குப் போயின. அவர் வைத்திருந்த நோக்கம் ஒரே வரி: தேவையில்லாமல் யாரும் பார்வை இழக்கக் கூடாது.

அந்த வரியில் "தேவையில்லாமல்" என்ற சொல்லைக் கவனியுங்கள், எல்லா வேலையையும் அதுதான் செய்கிறது. எல்லாப் பார்வையிழப்பையும் தீர்ப்பேன் என்று அவர் சொல்லவில்லை. கண்புரை போல, ஒரு அறுவை சிகிச்சையில் தீரக்கூடியது, காசும் வசதியும் இல்லாததால் தீராமல் கிடக்கிறதே, அதை ஒழிக்க வேண்டும் என்றார். அப்படிச் சொன்ன உடனே எது முந்தி என்பது தெரிந்துவிடுகிறது. எண்ணிக்கை முக்கியம். எனவே ஒரு டாக்டரின் நேரம் ஒரு நிமிஷம்கூட வீணாகக் கூடாது. அறுவை அரங்கில் அடுத்தடுத்து மேஜைகள். ஒரு மேஜையில் அறுவை நடந்துகொண்டிருக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்த நோயாளி தயாராகிவிடுவார். முடித்தவுடன் டாக்டர் அந்தப் பக்கம் திரும்புவார், மைக்ராஸ்கோப்பும் கூடவே திரும்பும். டாக்டர் செய்யத் தேவையில்லாத வேலை அனைத்தையும், கிராமங்களிலிருந்து பிளஸ் டூ முடித்து வந்த பெண்களை இரண்டு வருஷம் பயிற்றுவித்து அவர்களிடம் ஒப்படைத்தார்கள். இதனால்தான் அங்கே ஒரு மருத்துவர் வருஷத்துக்குச் சுமார் 2,000 அறுவை செய்ய முடிகிறது. அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கடைகள் எந்த ஊரில் போனாலும் ஒரே தரத்தில் ஒரே ஒழுங்கில் நடப்பதைப் பார்த்து, அதேபோல் கண் சிகிச்சையையும் கொடுக்க முடியாதா என்று அவர் கேட்டது பலருக்கும் தெரிந்த கதை. மெஷின் ஷாப்பில் இருக்கும் உங்களுக்கு இது உடனே புரியும்: மெஷினின் சுழலும் அச்சான ஸ்பிண்டில் நிற்காமல் ஓட வேண்டும் என்றால், அடுத்த வேலைக்கான செட்டிங்கை மெஷினுக்கு வெளியே முன்கூட்டியே முடித்து வைக்க வேண்டும், அதே சங்கதி.

விலையும் இப்படித்தான் அமைந்தது. பணம் கட்டக்கூடியவர்கள் கட்டுவார்கள், அதில் மிஞ்சுவது இலவசமாக வருகிறவர்களுக்கு ஆகும். டாக்டர்கள் இரண்டு பக்கமும் மாறி மாறி வேலை பார்ப்பார்கள், "இலவசப் பக்கத்து டாக்டர்" என்று தனியாக யாரும் கிடையாது. இதைவிட எனக்குப் பிடித்தது முகாம்களில் அவர்கள் கற்றுக்கொண்டது. கிராமத்தில் முகாம் நடத்தி, உங்களுக்கு அறுவை தேவை என்று சொல்லி அனுப்பினால் பலர் வருவதே இல்லை. ஏன் என்று விசாரித்தார்கள். அறுவை இலவசம்தான், ஆனால் பஸ் காசு, கூட வருகிறவரின் கூலி, சாப்பாடு, பயம், இதெல்லாம் இருக்கிறதே. அதன்பிறகு முகாமிலிருந்தே பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போய், சாப்பாடு போட்டு, அறுவை முடித்துத் திரும்பக் கொண்டுவந்து விடும் வழக்கம் வந்தது. "இலவச அறுவை கொடுக்கிறோம்" என்பது மட்டும் அவர்களுடைய நோக்கமாக இருந்திருந்தால் அறுவை அரங்க வாசலோடு அவர்கள் கடமை முடிந்திருக்கும். பார்வையிழப்பை ஒழிப்பது நோக்கம் என்பதால் பஸ் காசும் அவர்கள் பிரச்சினை ஆனது.

லென்ஸ் கதை இன்னும் கடினமானது. முன்பெல்லாம் கண்புரை எடுத்தால் சோடா புட்டிக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும், நம் பாட்டிமார் முகத்தில் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குள்ளேயே வைக்கும் செயற்கை லென்ஸ் வந்தபிறகு அது தேவையில்லாமல் போனது. ஆனால் இறக்குமதி லென்ஸின் விலை ஏழைகளுக்கு எட்டாதது. 1992-இல் ஆரோலேப் என்ற பெயரில் மதுரையிலேயே லென்ஸ் தயாரிக்கத் தொடங்கினார்கள். விலை சுமார் பத்தில் ஒரு பங்காக இறங்கியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அது போகிறது. ஒரு மருத்துவமனை எதற்காக லென்ஸ் தொழிற்சாலை வைக்க வேண்டும்? வரவு செலவை மட்டும் பார்க்கிறவர் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். அதே வருஷத்தில் இன்னொன்றும் செய்தார்கள்: தங்கள் முறைகளை மற்றக் கண் மருத்துவமனைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்சி நிறுவனம். போட்டியாளருக்குத் தொழில் ரகசியத்தைக் கற்றுக்கொடுக்கிற முதலாளி எங்கே இருக்கிறார்? நோக்கம் பார்வையிழப்பை ஒழிப்பது என்றால், இன்னொரு மருத்துவமனை அதைச் செய்தாலும் நோக்கம் நிறைவேறுகிறது. என் அம்மாவுக்கு அங்கேதான் கண்புரை எடுத்தோம். வரிசை நகர்ந்த விதத்தை அரை நாள் உட்கார்ந்து பார்த்தேன். "யாரைக் கேக்கணும்னு தெரியலை" என்று முழித்துக்கொண்டு நின்ற ஊழியர் ஒருவரையும் அங்கே நான் பார்க்கவில்லை. நீங்கள் வெளியூர் போய்த் திரும்பும்போது உங்கள் யூனிட்டில் பார்க்க ஆசைப்படுவதும் அதுதான்.

டாக்டர் வெங்கடசாமி 2006-இல் காலமானார். அவருக்குப் பின்னும் அது நின்றுவிடவில்லை, பெருகித்தான் இருக்கிறது. உங்கள் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புள்ள இடம் இது. அந்த நோக்கம் தொடக்கத்திலிருந்தே மேஜை அமைப்பிலும் பயிற்சியிலும் விலையிலும் ஊறியிருந்ததால், அவர் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. இன்னொன்றையும் மறக்கக் கூடாது: அவர் அறையில் உட்கார்ந்து யோசித்து அந்த வரியைக் கண்டுபிடிக்கவில்லை. 1960-களிலேயே அரசு மருத்துவராகக் கிராமம் கிராமமாக முகாம் நடத்தியவர். தொலைநோக்கு என்பது நாளை பற்றியது என்றாலும், அது ஒருவர் நீண்டகாலம் நின்ற தரையிலிருந்துதான் எழும்புகிறது என்பது என் அனுபவம். வெளியிலிருந்து வரும் ஆலோசகர் அதை எழுதிக்கொடுக்க முடியாது. நீங்கள் சொல்வதைத் திருத்தமான வாக்கியமாக்கித் தரலாம், அவ்வளவே.

இனி சந்தேகமான பக்கம். தொலைநோக்கு இருந்தால் தொழில் வளரும் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள். வென்றவர்களின் கதையைத்தான் நாம் படிக்கிறோம், வென்றபிறகு அவர்கள் சொன்னதெல்லாம் தீர்க்கதரிசனமாகத் தெரிகிறது. அதே அளவு தெளிவோடு தொடங்கித் தோற்றுப்போனவர்களிடம் போய் யாரும் பேட்டி எடுப்பதில்லை. ஆராய்ச்சி இல்லாமலில்லை. 1998-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, கட்டடங்களுக்கு மரவேலை செய்து கொடுக்கும் 180-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் தலைவர்களை எடுத்துக்கொண்டது, ஏறத்தாழ நம் ஜாப் ஆர்டர் தொழில் மாதிரி. தலைவரின் தொலைநோக்கு எப்படிப்பட்டது என்பதற்கும், அதை அவர் தன் ஆட்களிடம் எவ்வளவு சொன்னார் என்பதற்கும், நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் தொடர்பு இருந்ததாக அது கண்டது. இதை நான் மதிக்கிறேன், குறிப்பாக, ஆட்களிடம் சொல்வதையும் தனியாகக் கணக்கில் எடுத்ததை. ஆனால் தொடர்பு இருக்கிறது என்பதற்கும் அதுதான் காரணம் என்பதற்கும் இடைவெளி உண்டு. நல்ல தலைவராக இருப்பவர் தெளிவாகவும் பேசுவார், கணக்கையும் சரியாகப் பார்ப்பார். எது வளர்த்தது என்று பிரித்துச் சொல்வது லேசில்லை.

தெளிவான தொலைநோக்கும் தோற்கும் என்பதற்கு டாடா நானோ காரைவிட நல்ல சாட்சி இல்லை. மழையில் ஸ்கூட்டரில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று நனைந்துகொண்டே போகும் குடும்பத்தைப் பார்த்து, அவர்களுக்குப் பாதுகாப்பான ஒரு கார் வேண்டும் என்று ரத்தன் டாடா நினைத்தார். ஒரு லட்சம் ரூபாய் என்று விலையும் சொன்னார். 2008 ஜனவரியில் டெல்லியில் அறிமுகமானது. இதைவிடக் கண்முன்னே தெரிகிற ஒரு தொலைநோக்கை யாரால் சொல்ல முடியும்? பொறியாளர்கள் உயிரைக் கொடுத்து வேலை செய்தார்கள். ஆனால் தொழிற்சாலை வரவிருந்த மேற்கு வங்கச் சிங்கூரில் நிலப் போராட்டம், தொழிற்சாலை குஜராத்தின் சனந்துக்கு மாறியது, காலம் போனது. வருஷத்துக்கு இரண்டரை லட்சம் கார் செய்யக்கூடிய தொழிற்சாலை, விற்பனை ஒரு வருஷம்கூட அதில் பாதியைத் தொடவில்லை. 2018-உடன் தயாரிப்பு ஓய்ந்தது. மலிவான கார் என்று அடையாளம் விழுந்தது தவறு என்று ரத்தன் டாடாவே பின்னர் ஒப்புக்கொண்டார். ஸ்கூட்டரிலிருந்து இறங்கிக் கார் வாங்குகிற குடும்பம் நாலு பேர் முன்னால் ஒரு படி ஏறியதாகத் தெரிய வேண்டும் என்று விரும்பும். ஊரிலேயே மலிவான காரை வாங்கினோம் என்று சொல்லிக்கொள்ள அதற்கு மனம் வராது. மழையில் நனைந்ததைப் பார்த்த கண் இதைப் பார்க்கத் தவறிவிட்டது. எனக்கு அந்தக் கார் மீது இன்றும் மரியாதை உண்டு, அதனால்தான் இதைச் சொல்ல வருத்தமாக இருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை அமெரிக்கக் கம்ப்யூட்டர் கம்பெனியான ஐ.பி.எம்.மிலிருந்து. 1993-இல் அந்தக் கம்பெனி சுமார் 800 கோடி டாலர் நஷ்டத்தில் கிடந்தபோது லூ கெர்ஸ்ட்னர் தலைமைக்கு வந்தார். சில மாதங்களில் பத்திரிகையாளர்களிடம், இப்போதைக்கு ஐ.பி.எம்.முக்குக் கடைசியாகத் தேவைப்படுவது ஒரு விஷன்தான் என்று சொன்னார். பெரிய பரபரப்பானது. அவர் சொல்ல வந்தது, ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது, முதலில் அதை நிறுத்த வேண்டும் என்பது. ஆனால் அதே காலத்தில் கம்பெனியைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்கும் ஏற்பாட்டைத் தடுத்து நிறுத்தி, முழுதாக வைத்துக்கொண்டால்தான் வாடிக்கையாளருக்குப் பயன் என்று முடிவெடுத்ததும் அவர்தான். அதைத் தொலைநோக்கு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது என்று எனக்குத் தோன்றும்; ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். உங்களுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றுண்டு. இந்த மாசம் சம்பளம் போடவே ஓ.டி. (வங்கி ஓவர்டிராஃப்ட்) எல்லையைத் தாண்டுகிற நிலை என்றால், பில் வசூலைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அந்த நிலை இல்லை என்றே நினைக்கிறேன்.

இப்போது உங்கள் யூனிட்டுக்கு வருகிறேன். நேரில் பார்க்காமல் சொல்வதால் தவறலாம். நீங்கள் எழுதியதை வைத்துத்தான் பேசுகிறேன். அப்பா ஒன்றும் எழுதி வைக்கவில்லை என்கிறீர்கள். அதே பத்தியில், "அவர் சொன்ன தேதி ஒரு தடவைகூடத் தவறினதில்லை, மிஞ்சின மெட்டீரியலை எடை போட்டுத் திருப்பி அனுப்பிடுவார்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவருடைய தொலைநோக்கு அதுதான். பார்ட்டி, அதாவது வாடிக்கையாளர், பொருளைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்கிற மாதிரி ஒரு பட்டறை. வாயால் சொல்லாவிட்டாலும் 26 வருஷம் ஆட்கள் அதைப் பார்த்தார்கள். தேதிக்காக அவர் ராத்திரி இரண்டு மணி வரை லேத் பக்கத்தில் நின்றதைப் பார்த்திருப்பார்கள், லாபமுள்ள ஆர்டரைத் திருப்பி அனுப்பியதைப் பார்த்திருப்பார்கள். அதனால் அவர் இல்லாதபோதும் எது முந்தி என்பது அவர்களுக்குத் தெரிந்தது.

நீங்கள் வந்தபிறகு இரண்டு சி.என்.சி. மெஷின் வாங்கினீர்கள், வால்வு வேலை எடுத்தீர்கள், ஆட்டோமொபைல் பாகங்களுக்கும் கொட்டேஷன் கொடுக்கிறீர்கள். ஒவ்வொன்றும் சரியான முடிவாகவே இருக்கலாம். ஆனால் மூன்று வகை வாடிக்கையாளருக்கு மூன்று வகை அவசரம். பம்ப் காரருக்குத் தேதி, ஆட்டோமொபைல் காரருக்கு மைக்ரான் அளவுத் துல்லியம், வால்வு காரருக்கு ஒவ்வொரு பாகத்துக்கும் ஆவணம். பழைய படம் இந்தப் புதிய வேலைக்குப் போதவில்லை, புதிய படத்தை யாரும் காட்டவில்லை. எனவே ஆட்கள் ஒவ்வொன்றுக்கும் உங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள், நீங்கள் இல்லையென்றால் யார் அதிகமாகச் சத்தம் போடுகிறாரோ அவர் வேலை முதலில் மெஷின் ஏறுகிறது. உங்கள் ஆட்களைச் சோம்பேறிகள் என்று நினைக்காதீர்கள். இப்படிப் பல இடம் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் ஆட்கள் நல்லவர்கள்தான்.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன், செலவில்லாதது. உங்கள் சூப்பர்வைசர், மூத்த செட்டர் (மெஷினை வேலைக்குத் தயார் செய்கிறவர்), டெஸ்பாட்ச் பார்க்கிறவர் மூவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேளுங்கள்: "ரெண்டு ஆர்டரும் இன்னைக்கே வேணும், ஒண்ணுதான் முடியும்னா எதைப் போடுவீங்க, ஏன்?" நான் 11 வருஷமாக இதைச் செய்து வருகிறேன். மூன்று பதிலும் ஏறக்குறைய ஒன்றாக வரும் இடத்தில் எழுதிய விஷன் இருக்கிறதோ இல்லையோ, முதலாளி நிம்மதியாக ஊருக்குப் போய் வருவார். மூன்று வேறு பதில் வந்தால், அதிலும் மூன்றாவது ஆள் "நீங்க சொல்றதைப் போடுவேங்க" என்றால், பிரச்சினை எங்கே என்று தெரிந்துவிட்டது.

அடுத்தது கடினம். ஒரு வாக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதற்கான விலையையும் இப்போதே ஒத்துக்கொள்ள வேண்டும். தேதி தவறாத பட்டறை என்றே இருக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் எல்லா மெஷினையும் நூற்றுக்கு நூறு ஆர்டரால் நிரப்பக் கூடாது. ஒரு மெஷினில் வாரம் ஒரு ஷிஃப்டாவது காலியாக விட்டு வைக்க வேண்டும், ஏதாவது ஒரு வேலை இழுத்துக்கொண்டால் அங்கே ஏற்ற. அந்தக் காலி நேரம் உங்கள் கண்ணை உறுத்தும், வட்டி கட்டும் மெஷின் சும்மா நிற்கிறதே என்று. கொட்டேஷன் கொடுக்கும்போது "பத்து நாள் ஆகும்" என்று சொல்லி ஆர்டரைப் பக்கத்து யூனிட்டிடம் இழக்கவும் நேரும். ஆட்டோமொபைல் வேலைக்கு மைக்ரான் துல்லியம்தான் உங்கள் வழி என்று தேர்ந்தெடுத்தால் செலவு வேறு: அளவுக் கருவி, ஏ.சி. போட்ட ஆய்வறை, அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் கேஜ் காலிபரேஷன், ஆபரேட்டர் மெஷினை நிறுத்தினால் திட்டாத சூப்பர்வைசர். எது உங்களுக்குச் சரி என்று என்னால் சொல்ல முடியாது. அது உங்கள் கடன், உங்கள் வாடிக்கையாளர், உங்கள் மனசு மூன்றையும் பொறுத்தது. விலை எதுவும் கொடுக்கத் தேவைப்படாத தொலைநோக்காக ஒன்று தோன்றினால் மட்டும் இன்னொரு முறை யோசியுங்கள்.

முடிவு செய்தபிறகு சொல்வது எப்படி? கூட்டம் போட்டு ஸ்லைடு காட்ட வேண்டாம். மாசம் ஒரு நாள், டீ நேரத்தில், பத்து நிமிஷம் போதும். தேதிதான் வாக்கு என்றால், போன மாசம் எத்தனை வேலை தேதிக்குப் போனது, எத்தனை தவறியது என்று கரும்பலகையில் நீங்களே எழுதுங்கள், தவறியது உங்களால் என்றால் அதையும் எழுதுங்கள். பிறகு ஒரு சம்பவம் வரும், நிச்சயம் வரும்: பெரிய பார்ட்டி ஒருவர் இன்றே வேண்டும் என்று நிற்பார், பழைய சின்ன வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுத்தது அன்றைக்கே இருக்கும். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று 38 பேரும் பார்ப்பார்கள். அந்த மாலையில் அவர்கள் படிப்பதுதான் நிற்கும். என் இன்ஸ்பெக்டர் பெண் படித்த மாதிரி.

ஆலோசகருக்குக் கொடுத்த பணம் வீண் என்று நினைக்க வேண்டாம், அவர் கேட்ட கேள்வி சரியானதுதான். எழுதுவதை மட்டும் ஆறு மாசம் தள்ளிப் போடுங்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அப்பா இப்போதும் காலையில் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் ஒரு நாள் மூத்த செட்டரையும் கூட வைத்துக்கொண்டு, "நீங்க வேண்டாம்னு திருப்பி அனுப்பின ஆர்டர் எதெல்லாம்ப்பா? ஏன் அனுப்பினீங்க?" என்று கேளுங்கள். எடுத்த ஆர்டர்களைக் கேட்காதீர்கள், அது பில் புக்கில் இருக்கிறது. திருப்பி அனுப்பியது அவர்கள் இரண்டு பேர் நினைவில் மட்டும்தான் இருக்கும். குறித்துக்கொள்ள ஒரு நோட்டு எடுத்துப் போங்கள், போனை மேஜையிலேயே வைத்துவிட்டு.